அத்தியாயம் 7: ஒரு லிவர், ஆறு சிலிண்டர்கள்

கப்சாய் மோட்டார்சைக்கிளுக்கு இந்த அத்தியாயம் தேவையில்லை. ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். கலந்தது முழுக்க அந்த ஒரு சிலிண்டருக்கே போகிறது. பங்கு போட ஆளே இல்லை. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெங்கெல் பட்டறைகளில் கப்சாய் கழற்றிப் பழகிய கைகளுக்கு விமான எஞ்சினின் கார்புரேட்டரைக் கண்டதும் தைரியம் வந்துவிடும். மிதவை, ஜெட், வென்டுரி, த்ராட்டில் தகடு எல்லாம் பழகிய சாமான்கள்தானே. அந்தத் தைரியம் நியாயமானதுதான். லைக்காமிங் எஞ்சினின் அடியில் தொங்கும் மார்வெல் ஷெப்ளர் கார்புரேட்டரைப் பிரித்தால் உள்ளே பயப்படும்படி ஒன்றும் இருக்காது. பாடம் தொடங்குவது அதைத் தாண்டி, நான்கோ ஆறோ சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகிற இன்டேக் குழாய்களில்.

டெங்கிலில் உள்ள மியாட் விமானத் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கப் போகிறவர்களும், சுபாங்கில் பறக்கக் கற்றுக்கொள்கிறவர்களும் இந்த அத்தியாயத்தை எஞ்சின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இங்கே சொல்லும் எந்த வேலையையும் உரிமம் பெற்ற பொறியாளரின் மேற்பார்வை இல்லாமல் விமானத்தில் கைவைத்துச் செய்யாதீர்கள். அந்தந்த விமானத்தின் கையேடு ஒன்று சொல்லி இந்த நூல் வேறொன்று சொன்னால் கையேடே சரி.

பங்கு எங்கே கெடுகிறது

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். முழுச் சக்தி வேண்டும்போது பெட்ரோலைக் கூட்டி 12.5 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்று கொண்டுவருகிறோம். சிக்கனமாகப் பறக்க 16-ஐத் தாண்டியும் குறைக்கலாம். காக்பிட்டில் சிவப்புக் குமிழோடு இருக்கும் மிக்ஸ்சர் லிவரின் வேலை இதுதான். ஆனால் லிவர் மாற்றுவது கார்புரேட்டரைக் கடக்கும் மொத்தக் கலவையை. அதில் ஐந்தாம் சிலிண்டருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது லிவருக்குத் தெரியாது.

காற்று எளிதில் வளையும், பெட்ரோல் வளையாது. கார்புரேட்டரை விட்டுக் கிளம்பும் பெட்ரோல் முழுவதும் ஆவியாகிவிடுவதில்லை. ஒரு பகுதி ஆவி, ஒரு பகுதி நுண்துளி, மிச்சம் குழாயின் சுவரில் ஒட்டி ஊர்ந்து போகும் மெல்லிய படலம். தென்னமரம் எஸ்டேட்டின் செம்மண் பாதையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வேகமாக வளைந்தால் உதிரிப்பழம் எந்தப் பக்கம் சிதறும்? வளைவுக்கு வெளிப்பக்கம். குழாய் திரும்பும் இடத்தில் துளிகளும் அப்படித்தான் போகின்றன. காற்று வளைந்து அருகிலுள்ள சிலிண்டருக்குள் நுழைய, கனத்த துளிகள் நேராக ஓடிப்போய் அடுத்த கிளையில் விழுகின்றன. இரண்டு சிலிண்டர்களுக்கும் காற்று சமமாகக் கிடைத்திருக்கும், பெட்ரோல் கிடைத்திருக்காது.

த்ராட்டில் தகடும் இதில் கூட்டாளி. முழுதாகத் திறந்த தகடு நீரோட்டத்தில் கிடக்கும் பலகைபோல் சும்மா இருக்கும். பாதி திறந்து சாய்ந்து நிற்கும்போது, ஜெட்டிலிருந்து வரும் பெட்ரோலை ஒரு சுவரை நோக்கித் தள்ளிவிடும். எந்தச் சுவர் என்பது கார்புரேட்டரைப் பொருத்தியிருக்கும் திசையைப் பொறுத்தது. அதனால் ஒரே எஞ்சினில் ஏறும்போது ஒரு சிலிண்டர் பசித்திருக்கும், கிடைமட்டமாகப் பறக்கும்போது வேறொன்று பசித்திருக்கும். ‘என் எஞ்சினில் எப்போதும் மூன்றாம் சிலிண்டர்தான் சூடு’ என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்தப் பவரில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

பழைய செஸ்னா 182-இல் இருக்கும் காண்டினென்டல் ஓ-470 இந்தப் பாடத்துக்கென்றே செய்த எஞ்சின் போலிருக்கும். 230 குதிரைச் சக்தி, ஆறு சிலிண்டர்கள், அடியில் ஒரே கார்புரேட்டர், இரு பக்கமும் நீண்டு போகும் குழாய்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாத எஞ்சின். ஆனால் ஆறு சிலிண்டர்களும் ஒரே கலவையில் ஓடுவது அபூர்வம். லைக்காமிங் ஓ-320, ஓ-360 போன்றவற்றில் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டியின் அடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இன்டேக் பாதை அந்தச் சூடான தொட்டிக்குள் நுழைந்துதான் சிலிண்டர்களுக்குப் பிரிகிறது. எண்ணெயின் சூட்டில் பெட்ரோல் கூடுதலாக ஆவியாகிறது. ஆவி காற்றோடு காற்றாக வளையும். அதனால் பங்கீடு ஓரளவு நன்றாக இருக்கிறது. கார்புரேட்டரில் பனி பிடிப்பதும் குறைகிறது. காண்டினென்டலில் கார்புரேட்டர் எஞ்சின் சூட்டிலிருந்து விலகித் தொங்குகிறது, அதனால் இந்த இரண்டு வசதியும் அதற்கு இல்லை.

மிக்ஸ்சரைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எஞ்சின் உதறத் தொடங்கும். ‘ரொம்பக் குறைத்துவிட்டேன், எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை’ என்று புதிய விமானி நினைப்பார். அது அரைகுறை உண்மை. ஆறும் ஒன்றாகக் குறைந்தால் எஞ்சின் உதறாது, சக்தி மட்டும் அமைதியாக இறங்கும். உதறலுக்குக் காரணம் ஒரு சிலிண்டர் பட்டினியில் சக்தியை விட்டுவிட, இன்னொன்று இன்னும் தேவைக்கு மேல் குடித்துக்கொண்டிருப்பது. அந்த உதறலைச் சிக்கனத்தின் எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எஞ்சினின் பங்கீடு எவ்வளவு மோசம் என்பதற்கான அளவு அது.

கார்புரேட்டர் எஞ்சினில் இதைக் குறைக்க விமானியின் கையில் இரண்டு சிறு உபாயங்கள் உண்டு. முழு த்ராட்டிலிலிருந்து, மெனிஃபோல்ட் அழுத்தம் விழத் தொடங்கும் இடம்வரை லேசாகப் பின்னுக்கு இழுத்தால், தகடு சற்றே சாய்ந்து காற்றில் சுழலை உண்டாக்கும். துளிகள் உடைந்து நன்றாகக் கலக்கும். இரண்டாவது, கார்புரேட்டர் ஹீட்டை ஓரளவு திறப்பது. சூடான காற்றில் ஆவியாவது கூடும். ஓ-470 ஓட்டுகிறவர்கள் இதைப் பழக்கமாகவே செய்வார்கள். ஆனால் கார்புரேட்டரின் வெப்பநிலையைக் காட்டும் கருவி இருந்தால் மட்டுமே அரைகுறை ஹீட்டைத் தொடுங்கள். கருவியில்லாமல் செய்தால், பனி பிடிக்காத அளவில் இருந்த குளிர்ந்த கலவையைச் சரியாகப் பனி பிடிக்கும் அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடும்.

நம் கரையோரக் காற்று

கையேடுகள் பெரும்பாலும் வேறு வானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கடல்மட்டத்தில் 15 டிகிரி என்பதே அவற்றின் கணக்கு. கோல சிலாங்கூரில் பிற்பகல் 33 டிகிரி என்றால் அந்தக் கணக்குக்கு 18 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்குச் சுமார் 120 அடி என்று போட்டால், புக்கிட் மெலாவத்தியின் கீழே கடலோரத்தில் நிற்கும் எஞ்சின், ஏறத்தாழ 2,160 அடி உயரத்தில் இருப்பதுபோன்ற மெல்லிய காற்றைத்தான் இழுக்கிறது. கார்புரேட்டர் காற்றின் கனம் குறைந்ததற்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைக்காது. ஆகவே கலவை தானாகவே கொழுத்துவிடும்.

ஈரப்பதமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பனிநிலை 25 டிகிரி இருக்கும் நாளில் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் நீராவியின் அழுத்தம். அந்த 3 சதவீதத்தில் ஆக்சிஜன் கிடையாது. ஆனால் வென்டுரிக்கு நீராவியும் காற்றுதான். அதற்கும் சேர்த்துப் பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கிறது. தரையில் நீண்ட நேரம் டாக்ஸி செய்யும்போது மிக்ஸ்சரை நன்றாகக் குறைத்து வைக்கச் சொல்வது இதனால்தான். நீல நிற 100எல்எல் பெட்ரோலில் ஒரு லிட்டருக்கு 0.56 கிராம்வரை ஈயம் இருக்கலாம். கொழுத்த கலவையில் எஞ்சின் குளிர்ந்து ஓடும்போது அந்த ஈயம் கீழ் ஸ்பார்க் பிளக்குகளில் மணிமணியாகப் படிந்துவிடும்.

பனிக்கு வருவோம். ‘இந்த வெயிலில் கார்புரேட்டரில் ஐஸா?’ என்று கேட்காத மாணவர் இல்லை. வென்டுரியில் காற்று விரிகிறது, அதே இடத்தில் பெட்ரோல் ஆவியாகிறது. இரண்டும் வெப்பத்தைப் பிடுங்குகின்றன. வெப்பநிலை 30 டிகிரிக்கு மேலும் சரியக்கூடும். 30 டிகிரிக் காற்று த்ராட்டில் தகட்டின் விளிம்பில் உறைநிலைக்கு இறங்கினால், அதிலுள்ள ஈரம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்ற நிலையிலும் இது நடக்கலாம் என்று அமெரிக்க விமானத்துறைக் கையேடே எச்சரிக்கிறது. நம் கரையோரத்தில் ஈரப்பதம் 50-க்கு இறங்குவதே அதிசயம்.

ஆபத்தான நேரம் முழு பவரில் ஏறும் நேரமன்று. செகிஞ்சான் வயல்களுக்கு மேல், காலை மழை விட்டபின், த்ராட்டிலைக் கிட்டத்தட்ட மூடி இறங்கும் நேரம்தான். தகடு மூடியிருப்பதால் இடுக்கு சிறிது. சிறு பனியும் அதை அடைத்துவிடும். எஞ்சின் சோம்பலாக ஓடுவதால் விமானிக்கு அடைப்பு உடனே தெரியவும் தெரியாது. நிலைத்த கோணப் புரொப்பெல்லர் என்றால் சுற்று மெல்ல இறங்கும்; மாறும் கோணப் புரொப்பெல்லர் என்றால் சுற்று அப்படியே இருக்க, மெனிஃபோல்ட் அழுத்தம் இறங்கும். சந்தேகம் வந்தால் ஹீட்டை முழுதாக இழுங்கள். சுற்று இன்னும் இறங்கும், உருகிய நீர் உள்ளே போய் எஞ்சின் சில நொடிகள் கரகரக்கும், பிறகு சுற்று ஏறும். நடுவில் பயந்துபோய் ஹீட்டைத் திரும்பத் தள்ளிவிடுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அந்தக் கரகரப்பு ஹீட் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

ஹீட் பாதையில் வரும் காற்று பொதுவாக ஃபில்டர் வழியாக வருவதில்லை. எஸ்டேட் ஓடுதளத்தின் செம்மண் தூசியில் நின்றுகொண்டு ஹீட்டைச் சோதிக்கிறேன் என்று நீண்ட நேரம் திறந்து வைக்காதீர்கள். சிலிண்டர் சுவரை அரைக்கும் மாவு அது.

இதே வானில் முன்பு பறந்தவை

எரிபொருள் ஊட்டும் ஏற்பாடு போர்க்களத்திலேயே சோதிக்கப்பட்ட இடம் சிலாங்கூர். 1941 டிசம்பரில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 453-ஆம் பிரிவு சுங்கை பீசியிலிருந்து பிரூஸ்டர் பஃபலோ விமானங்களில் ஜப்பானியரை எதிர்கொண்டது. ரைட் சைக்ளோன் எஞ்சின், ஒன்பது சிலிண்டர்கள். உயரம் ஏற ஏற எரிபொருள் அழுத்தம் விழுவது அந்த விமானங்களின் தீராத தொல்லை. வெப்பமண்டலச் சூட்டில் எஞ்சினும் கொதித்தது. போரில் அந்த விமானங்கள் தோற்றதற்கு எண்ணிக்கையும் அனுபவமும் உள்ளிட்ட பல காரணங்கள் உண்டு. ஆனால் பெட்ரோல் ஒழுங்காக வந்து சேராத எஞ்சினோடு உயரத்தில் சண்டை போடுவது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ஆண்டு இங்கிலாந்தில் வேறொரு தொல்லைக்கு மருந்து கிடைத்தது. பிரிட்டிஷ் போர்விமானங்களில் இருந்த மெர்லின் எஞ்சினின் மிதவைக் கார்புரேட்டர், விமானம் திடீரென மூக்கைக் கீழே குத்தினால் எஞ்சினை நிறுத்திவிடும். ஜெர்மன் விமானங்களில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் செலுத்தும் ஊசி முறை இருந்ததால் அவை தாராளமாகக் குத்திப் பறந்தன. ஃபார்ன்பரோவில் வேலை செய்த பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், துளையிட்ட ஒரு சிறு உலோகத் தட்டைப் பெட்ரோல் பாதையில் பொருத்தச் செய்தார். வெள்ளமாக வரும் பெட்ரோலை அது கட்டுப்படுத்தியது. முழுத் தீர்வு பின்னால்தான் வந்தது, ஆனால் விமானங்கள் ஓடின. பிரச்சினை எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்தால் மருந்து விரல்நகம் அளவுக்குச் சிறிதாக இருக்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மலாயா அவசரகாலத்தில், 1948-க்குப் பின், கோலாலம்பூர் நோபிள் ஃபீல்டைத் தலைமையகமாகக் கொண்ட 656-ஆம் பிரிவின் ஆஸ்டர் விமானங்கள் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் மேல் தாழப் பறந்து வேவு பார்த்தன. சீனம், மலாய், தமிழ்த் துண்டுப்பிரசுரங்கள் வானிலிருந்து விழுந்த காலம் அது. லயத்து முதியவர்கள் சிலருக்கு அந்த எஞ்சின் சத்தம் இன்னும் நினைவிருக்கும். பிறகு வந்தவை தெளிப்பு விமானங்கள். சுங்கை பெர்ணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹூத்தான் மெலிந்தாங்கில் செம்பனையைத் தின்னும் பைப்புழுவுக்கு எதிராக வான்வழித் தெளிப்பு நடந்திருக்கிறது. இப்போது அந்த வேலையை ட்ரோன்கள் எடுத்துக்கொள்கின்றன. தெளிப்பு விமான எஞ்சினின் பாடு தனி. தாழ்வான பறப்பு, வயல் முடிவில் திருப்பம், மீண்டும் இறக்கம், நாள் முழுக்க த்ராட்டில் முன்னும் பின்னும். 300 குதிரைச் சக்தி காண்டினென்டல் ஐஓ-520 பொருத்திய செஸ்னா 188 போன்ற விமானங்களில் கார்புரேட்டரே கிடையாது, ஊசி முறைதான்.

ஊசி முறையும் அதன் பொய்யும்

ஊசி முறையில் காற்று மட்டும் குழாய் வழியே போகும்; பெட்ரோல் ஒரு பிரிப்பானிலிருந்து தனித்தனி மெல்லிய குழாய்களில் போய், ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் ஒரு முனை வழியே சீறும். துளி வளையாத தொல்லை முடிந்தது. வென்டுரிப் பனியும் போயிற்று. பெண்டிக்ஸ் முறைக்கும் காண்டினென்டல் முறைக்கும் உள்ள வேறுபாடுகளை அவற்றின் கையேட்டில் படித்துக்கொள்ளலாம். நமக்கு முக்கியமானது முனை. பெண்டிக்ஸ் முனையின் துளை 0.7 மில்லிமீட்டர்தான். ஒரு தூசி போதும்.

ஒரு முனை அடைத்தால் என்ன ஆகும்? அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறையும். முழு பவரில் மற்றவை கொழுத்த கலவையில் குளிர்ச்சியாக ஓட, அது மட்டும் மெலிந்த கலவையில் கொதிக்கும். கலவை வெடிப்பாக எரிந்து பிஸ்டனையே ஓட்டையாக்கக்கூடும். இதில் பொய் எங்கே என்றால், பழைய விமானங்களின் ஃப்யூயல் ஃப்ளோ கருவி உண்மையில் ஓட்டத்தை அளப்பதில்லை, பிரிப்பானின் அழுத்தத்தை அளந்து ஓட்டமாகக் காட்டுகிறது. முனை அடைத்தால் அழுத்தம் ஏறும், கருவி ‘பெட்ரோல் அதிகம் போகிறது’ என்று காட்டும். விமானி மிக்ஸ்சரை இன்னும் குறைப்பார். இதைவிட மோசமான ஆலோசனையை ஒரு கருவி தர முடியாது. புறப்படும்போது ஃப்ளோ வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டி, ஒரு சிலிண்டரின் தலைச்சூடு மட்டும் ஏறினால், முனையைச் சந்தேகியுங்கள். காண்டினென்டலுக்கு 238 டிகிரி, லைக்காமிங்குக்கு 260 டிகிரி என்பவை தாண்டக்கூடாத எல்லைகள். தினசரி ஓட்டத்துக்கு 204-க்குள் வைத்தால் சிலிண்டர் நீண்ட நாள் உழைக்கும்.

காற்றுக் கசிவு இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். இன்டேக் கேஸ்கெட்டோ ரப்பர் இணைப்போ வெப்பத்தில் இறுகி வெடித்திருந்தால், மெதுவாக ஓடும்போதுதான் தொல்லை தெரியும். அப்போது மெனிஃபோல்டில் 11, 12 அங்குல அழுத்தம், வெளியே 30. அந்த இடைவெளி காற்றை உள்ளே உறிஞ்சி அந்த ஒரு சிலிண்டரின் கலவையை மெலிய வைக்கும். முழு த்ராட்டிலில் உள்ளும் புறமும் ஏறக்குறைய சமம், கசிவு காணாமல் போய்விடும். ஆகவே ஐட்லிங்கில் உதறி, டேக்ஆஃபில் நன்றாக ஓடினால் கசிவைத் தேடுங்கள். ஐட்லிங்கில் நன்றாக இருந்து டேக்ஆஃபில் கொதித்தால் முனையைத் தேடுங்கள். டர்போ எஞ்சினில் மட்டும் கதை திரும்பும்: உள்ளழுத்தம் அதிகமாக இருப்பதால் காற்று வெளியே கசிந்து, கலவை கொழுக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். முதலில் கண்ணால் பாருங்கள். கேஸ்கெட் விளிம்பில் நீலக் கறை இருந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால், எஞ்சின் குளிர்ந்து நிற்கும்போது இன்டேக்கில் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான்.

முனைகளைச் சோதிக்கும் முறையும் எளிது. முனைகளைக் குழாய்களோடு வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரே அளவுக் கண்ணாடி பாட்டில் வைத்து, பூஸ்ட் பம்ப்பைச் சற்று நேரம் ஓட்டுங்கள். பாட்டில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எது குறைவு என்று கண்ணுக்கே தெரியும். வெட்டவெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, பேட்டரி சார்ஜர், கைப்பேசி எதுவும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. அடைத்த முனையைக் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள். கம்பியால் குத்தாதீர்கள், துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த முனை வீண்.

ஆகாயத்தில் எடுக்கும் அளவு

சிலிண்டருக்கு ஒரு புகைச்சூட்டு உணரி பொருத்திய எஞ்சினில், பங்கீட்டை எண்ணாகவே எழுதிவிடலாம். பாதுகாப்பான உயரத்தில், 65 சதவீத பவரில், த்ராட்டிலைத் தொடாமல் மிக்ஸ்சரைச் சிறிதுசிறிதாகக் குறையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் புகைச்சூடும் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். அது உச்சம் தொட்ட நொடியில் மொத்த ஃப்யூயல் ஃப்ளோ எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் உச்சம் தொடுவது மெலிந்த சிலிண்டர். கடைசியில் தொடுவது கொழுத்தது. எடுத்துக்காட்டாக, ஐந்தாம் சிலிண்டர் மணிக்கு 50 லிட்டரிலும் இரண்டாம் சிலிண்டர் 46.5 லிட்டரிலும் உச்சம் தொட்டால் இடைவெளி 3.5 லிட்டர். இந்தச் சோதனையைப் பரப்பிய ஒக்லஹோமா மாநிலத்து ஏடா ஊரின் காமி நிறுவனம் சொல்லும் நல்ல இடைவெளி அரை காலன், அதாவது 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உச்சச் சூடு எத்தனை டிகிரி என்பதை ஒப்பிட வேண்டாம். உணரி பொருத்திய தூரத்தைப் பொறுத்து அது மாறும். எந்த ஓட்டத்தில் உச்சம் வந்தது என்பதே கணக்கு.

இடைவெளி பெரிதென்றால் மெலிந்த சிலிண்டரின் முனையையும் கொழுத்ததன் முனையையும் இடம் மாற்றி மறுபடி பறந்து பாருங்கள். குறை முனையோடு நகர்ந்தால் முனைதான் காரணம். பழைய சிலிண்டரிலேயே நின்றால் கசிவு, குழாய், பிரிப்பான் என்று வரிசையாகத் தேடுங்கள். ஒரு நிபந்தனை: சில காண்டினென்டல் எஞ்சின்களிலும், காமி செய்து தரும் முனைகளிலும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேண்டுமென்றே வேறு வேறு அளவுத் துளை வைத்திருப்பார்கள். அவற்றை இப்படி இடம் மாற்றக்கூடாது. கழற்றும்போதே ஒவ்வொரு முனையிலும் சிலிண்டர் எண் எழுதிய சீட்டைக் கட்டி, அதே இடத்தில் திரும்பப் பொருத்தி, எண்களை எஞ்சின் லாக் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.